சைக்கோ, ஈகோ, டிப்ரஷன்: இந்த வார்த்தைகளை என்ன செய்யலாம்?



ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் பெரிய பதிவுதான். பாதியில ஓடிடாதீங்க, ஒரு டீயைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உட்காருங்க :-)

முதல்லயே டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மனோதத்துவத்துல பட்டம் வாங்கினவனும் இல்லை. ஆர்வத்துல படிச்சதையும், தெரிஞ்ச ஒரு குடும்பத்துல பக்கத்துல இருந்து பார்த்ததையும் வெச்சு எழுதறேன். இது வைத்தியம் சொல்ற பதிவு இல்லை, வார்த்தைகளைப் பத்தின பதிவு.

ஒரு நாள் முழுக்க நம்ம பேச்சைக் கவனிச்சுப் பாருங்க. இந்தியா மேட்ச் தோத்தா "ஒரே டிப்ரஷன் மச்சி". மேஜை மேல பேனாவை நேரா அடுக்கி வைக்கிறவன் "ஓசிடி". காலையில சிரிச்சுப் பேசிட்டு சாயங்காலம் கடிச்சுக் குதறுற மேனேஜர் "பைபோலார்". வண்டிச் சாவியை எங்கே வெச்சோம்னு தேடினா "ஷார்ட் டெர்ம் மெமரி லாஸ்" (உபயம்: 2005ல வந்த கஜினி). நாத்தனாருக்கு "ஈகோ". சண்டை போட்டுப் பிரிஞ்ச காதலர்கள் எல்லாருமே "நார்சிசிஸ்ட்". இதுல எதுக்குள்ளேயும் அடங்காதவன் "சைக்கோ".

"சும்மா பேச்சுக்குச் சொல்றதுதானே, இதுக்குப் போய் ஒரு பதிவான்னு" நீங்க கேக்கலாம். சில வார்த்தைகளுக்கு அது சரி. சில வார்த்தைகளை இப்படிப் புழங்கறதால, நிஜமாவே அந்த நோய் இருக்கறவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காம போயிடுது. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும்ங்கறதுதான் என் கட்சி. ஒவ்வொண்ணா வர்றேன்.

ஈகோ

முதல்ல சாதுவான வார்த்தை. 1923ல சிக்மண்ட் ஃப்ராய்ட் எழுதின புத்தகத்தோட ஜெர்மன் தலைப்பு "தாஸ் இஷ் உண்ட் தாஸ் எஸ்". நேரா தமிழ்ல சொன்னா "நானும் அதுவும்". சின்னக் குழந்தைகூடச் சொல்ற "நான்"ங்கற வார்த்தையைத்தான் அவர் எடுத்துக்கிட்டார். ஆங்கிலத்துல மொழிபெயர்த்தவங்க அதுக்கு லத்தீன் சட்டை மாட்டி "ஈகோ" ஆக்கிட்டாங்க.

ஃப்ராய்ட் சொன்ன ஈகோவுக்குத் திமிரோட சம்பந்தமே இல்லை. ஒரு பக்கம் "இப்பவே வேணும்"னு அடம் பிடிக்கிற ஆசை. இன்னொரு பக்கம் "இது தப்பு"ன்னு அதட்டுற மனசாட்சி. வெளியே, ரெண்டு பேரையும் மதிக்காத உலகம். இந்த மூணுக்கும் நடுவுல உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ற பாவப்பட்ட ஜீவன்தான் ஈகோ. அந்தக் கணக்குல ஈகோ இல்லாத மனுஷன் ஒரு நாள்கூட குப்பை கொட்ட முடியாது.

ஆனா இந்த வார்த்தை கை மாறிப் போயிடுச்சு, போகட்டும். ஈகோன்னு ஒரு வியாதி கிடையாது, அதுக்கு மாத்திரை சாப்பிடறவங்களும் கிடையாது. யாருக்கும் நஷ்டம் இல்லை. எனக்கு இருக்கற ஒரே வருத்தம் தமிழ்க்காரனா மட்டும்தான். வீம்பு, தலைக்கனம், ரோஷம், திமிர், வறட்டு கௌரவம்னு நம்மகிட்ட ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கு. ரோஷக்காரன் வேற, வீம்பு பிடிச்சவன் வேற. எல்லாத்தையும் ஒரே ஈகோவுக்குள்ள போட்டு மூடிட்டோம்.

ஓசிடி

இங்கேதான் நஷ்டக் கணக்கு ஆரம்பிக்குது.

சுத்தமா இருக்கறது, ஒழுங்கா அடுக்கறது, அடுப்பை ஒருதரம் திரும்பப் பார்க்கறது எல்லாம் ஓசிடி ஆகாது. அதெல்லாம் குணம். அடுக்கி வெச்சுட்டு "அப்பாடா, அழகா இருக்கு"ன்னு சந்தோஷப்படற ஆளுக்கு அந்த நோய் பக்கத்துலகூட வரலை.

ஓசிடில ரெண்டு பகுதி. ஒண்ணு, வேண்டாம் வேண்டாம்னு தள்ளினாலும் திரும்பத் திரும்ப வந்து நிக்கற எண்ணம். ரெண்டாவது, அந்த எண்ணம் கொடுக்கற பயத்தை அடக்கறதுக்காகச் செய்ற காரியம். பக்தியான ஒரு மனுஷனுக்கு சாமி முன்னாடி நிக்கும்போதெல்லாம் வெளியே சொல்லக் கூசற எண்ணம் வரும். புதுசா குழந்தை பெத்த தாய்க்கு "நானே குழந்தையை ஏதாவது பண்ணிடுவேனோ"ன்னு ஒரு எண்ணம் வந்து, வீட்டுல இருக்கற கத்தியை எல்லாம் ஒளிச்சு வைப்பா. அவங்க அதைச் செய்ய விரும்பறவங்க இல்லை. அந்த எண்ணத்தைப் பார்த்து அவங்களே நடுங்கறாங்க. நாள்ல பல மணி நேரம் இதுலயே போகும். வேலை போகும், படிப்பு போகும், கை கழுவிக் கழுவித் தோல் உரியும்.

இது ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு புரிஞ்சுக்க, இன்னொரு கருத்தையும் பார்த்துடலாம். ஸ்கின்னர் சொன்ன "நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்". நிறைய பேர் இதைத் தண்டனைன்னு நினைச்சுக்கறாங்க. இல்லை. ஒரு தொல்லை விலகறதால ஒரு பழக்கம் வலுப்படறதுதான் இது. கடையில குழந்தை சாக்லேட்டுக்காக உருண்டு புரண்டு அழுவுது. அப்பா வாங்கிக் கொடுக்கறார். அழுகை நின்னுடுது, அப்பாவுக்கு நிம்மதி. அடுத்த தடவை அவர் கை இன்னும் சீக்கிரமா பர்ஸுக்குப் போகும். குழந்தை அப்பாவைப் பழக்கிடுச்சு :-)

ஓசிடிலயும் அதேதான். கை கழுவினா பயம் கொஞ்ச நேரம் விலகுது. விலகினதாலேயே கழுவற பழக்கம் இறுகிப் போகுது. அதனாலதான் அதுக்கான சிகிச்சையில, பயப்படற பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாத் தொட வெச்சு, உடனே கழுவாம இருக்கப் பழக்கறாங்க. மாத்திரைகளும் இருக்கு. குணப்படுத்த வழி இருக்கற நோய் இது.

இப்ப யோசிங்க. "ஓசிடின்னா மேஜையைச் சுத்தமா வெச்சுக்கறது"ன்னு ஊர் முழுக்க நம்பினா, கத்தியை ஒளிச்சு வைக்கிற அந்தத் தாய்க்குத் தனக்கு இருக்கறது ஓசிடின்னு எப்படித் தோணும்? "நான் ஒரு ராட்சசி"ன்னுதான் தோணும். யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டா.

டிப்ரஷன், பைபோலார்

மனசு சரியில்லாம இருக்கறதும் டிப்ரஷனும் ஒண்ணில்லை. டாக்டர்கள் பார்க்கற கணக்கு தோராயமா இப்படி: குறைஞ்சது 2 வாரம், ஏறக்குறைய எல்லா நாளும், நாளோட பெரும்பகுதி, மனசு இருண்டு கிடக்கணும், அல்லது எதுலயுமே நாட்டம் இல்லாம போயிருக்கணும். அதோட தூக்கம், பசி, தெம்பு, கவனம் கெடறது, "நான் எதுக்கும் லாயக்கில்லை"ங்கற நினைப்பு, சாவைப் பத்தின எண்ணம்னு ஒரு பட்டியல் இருக்கு. 9 அறிகுறிகள்ல 5 சேர்ந்து வரணும்.

நம்ம ஊர்ல டிப்ரஷன் வந்தவங்க நிறைய பேர் "மனசு சரியில்லை"ன்னு டாக்டர்கிட்ட போறதே இல்லை. "உடம்பெல்லாம் அசதி, தலைவலி, நெஞ்சு பாரமா இருக்கு, ராத்திரி தூக்கமே இல்லை"ன்னுதான் போறாங்க. சத்து மாத்திரை, ஊசி, இரத்தப் பரிசோதனைன்னு ஒரு சுத்து சுத்துவாங்க. வீட்டுல இருக்கற அத்தை நாள் பூரா படுத்தே கிடந்தா "சோம்பேறி"ன்னு பேர். அதே வீட்டுல நெட் ஸ்லோவா இருக்குன்னு பையன் "செம டிப்ரஷன்"னு சொல்லிட்டு அஞ்சு நிமிஷத்துல பிரியாணி ஆர்டர் பண்றான். வார்த்தை பையன்கிட்ட இருக்கு, நோய் அத்தைகிட்ட இருக்கு.

பைபோலாரும் அப்படித்தான். ஒரே நாள்ல நாலு தடவை மூடு மாறறது பைபோலார் கிடையாது. அதுல வர்ற "மேனியா"ங்கற உச்ச நிலை குறைஞ்சது ஒரு வாரம் நீடிக்கும். தூக்கமே தேவைப்படாது, பேச்சு நிக்காது, கையில இருக்கற காசெல்லாம் கரையும், தன்னால முடியாதது எதுவுமே இல்லைன்னு ஒரு நம்பிக்கை வரும். அப்புறம் வாரக்கணக்கா, மாசக்கணக்கா பள்ளம். 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்ங்கற டாக்டர் லித்தியம் உப்பு இதுக்கு வேலை செய்யுதுன்னு எழுதினார். இன்னிக்கும் அது முக்கியமான மருந்துதான். மேனேஜர் சாயங்காலம் திட்டினதுக்குக் காரணம் அவரோட மேனேஜர் அவரைத் திட்டினதாத்தான் இருக்கும். அதுக்கு லித்தியம் வேலை செய்யாது :-)

அந்நியனும் அந்தப் பையனும்

இந்தப் பதிவை எழுத வெச்ச விஷயத்துக்கு இப்ப வர்றேன்.

தெரிஞ்ச குடும்பம். ஊர், பேர் வேண்டாம். பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். நல்லாப் படிச்சுக்கிட்டிருந்தவன் திடீர்னு காலேஜுக்குப் போறதை நிறுத்தினான். குளிக்கறதை நிறுத்தினான். டிவியில செய்தி வாசிக்கிறவங்க தன்னைப் பத்தித்தான் பேசறாங்கன்னு சொன்னான். ஜன்னலுக்கெல்லாம் நியூஸ் பேப்பர் ஒட்டினான். அம்மா கையால போட்ட சோத்தையே மோந்து மோந்து பார்த்துச் சாப்பிட்டான். வீட்டுல முதல்ல பரிட்சை பயம்னாங்க, அப்புறம் காதல் தோல்வின்னாங்க, அப்புறம் யாரோ எதையோ வெச்சுட்டாங்கன்னு மந்திரிக்கப் போனாங்க.

அவங்க சொந்தத்துல ஒருத்தர் மெதுவா, "இது ஸ்கிசோஃப்ரினியாவா இருக்கலாம், ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க"ன்னு சொல்லியிருக்கார். பையனோட அப்பா என்கிட்ட வந்து சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. "அது ஸ்பிலிட் பர்சனாலிட்டிதானே தம்பி? நான்தான் படத்துல பார்த்திருக்கேனே. எங்க பையன் அப்படி ஒரு நேரம் ஒரு மாதிரி, ஒரு நேரம் வேற ஆளா எல்லாம் மாறலையே. எப்பவும் ஒரே மாதிரிதானே இருக்கான்."

அவர் படிச்சவர். பையன் மேல உயிரையே வெச்சிருந்தவர். அந்த ஒரு தப்பான அர்த்தத்தால கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் போச்சு.

2005ஆம் வருஷம் தமிழ் சினிமாவுக்கு மனோதத்துவ வருஷம். ஏப்ரல்ல சந்திரமுகி, ஜூன்ல அந்நியன். ரெண்டும் சக்கைப்போடு போட்டுச்சு. ரெண்டையும் நானும் ரசிச்சுத்தான் பார்த்தேன், அதுல குறை சொல்ல வரலை. ஆனா அம்பி, ரெமோ, அந்நியன்னு ஒருத்தருக்குள்ளேயே மூணு பேர் வர்றதுக்குப் படத்துல சொன்ன பேரு மல்டிபிள் பர்சனாலிட்டி. 1994லயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் அந்தப் பேரை மாத்தி "டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்"னு வெச்சுட்டாங்க. ரொம்ப அபூர்வமா கண்டுபிடிக்கப்படற, மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் ஓடிக்கிட்டிருக்கற ஒரு நிலை அது. அதுக்கும் ஸ்கிசோஃப்ரினியாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் பேர்லயே இருக்கு. சுவிட்சர்லாந்து டாக்டர் ஆய்கன் ப்ளாய்லர் 1908ல இந்தப் பேரை வெச்சார். "பிளக்கறது", "மனசு"ன்னு அர்த்தம் வர்ற ரெண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார். ஒரு ஆள் ரெண்டு ஆளா பிளக்கறதை அவர் சொல்லலை. யோசனை, உணர்ச்சி, செயல் இது மூணும் ஒண்ணுக்கொண்ணு கோர்வை விட்டுப் போறதைச் சொன்னார். ஆள் ஒருத்தர்தான். அவருக்கு மத்தவங்களுக்குக் கேக்காத குரல் கேக்கும். இல்லாத சதி இருக்கறதாத் தோணும். பேச்சுல கோர்வை போகும். அதைவிட முக்கியமா, ஆள் மெதுவா ஒடுங்கிப் போவார், பேச மாட்டார், குளிக்க மாட்டார், எதுலயும் பிடிப்பு இருக்காது. பெரும்பாலும் 16, 17 வயசுல இருந்து முப்பதுக்குள்ள ஆரம்பிக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகத்துல சுமார் 300 பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கு. அதாவது ஒரு சுமாரான கல்யாண மண்டபம் நிறைஞ்சா அதுல ரெண்டு மூணு பேர்.

சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குதோ அவ்வளவு நல்லது. அந்த ரெண்டு வருஷம்னு சொன்னேனே, அதோட விலை இதுதான்.

பையன் இப்ப எப்படி இருக்கான்னு கேப்பீங்க. மாத்திரை சாப்பிடறான். காலேஜை முடிக்க முடியலை. மாமா கடையில கணக்கு எழுதறான். கணக்குல ஒரு பைசா பிசகாது. அவன் மாத்திரை அட்டை எல்லாம் சமையலறையில பருப்பு டப்பாவுக்குள்ள இருக்கும். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்காங்க, வர்றவங்க கண்ணுல பட்டுடக் கூடாதாம். யாராவது பார்த்துட்டா சொல்றதுக்கு அவங்க அம்மா ஒரு பதிலும் தயாரா வெச்சிருக்காங்க: "நரம்புக்கு மாத்திரை".

நம்ம ஊர்ல மனநல மருத்துவருக்கே "நரம்பு டாக்டர்"னு பேர் வந்தது இப்படித்தான். மூளை, நரம்பு நோய்களைப் பார்க்கறவர் நரம்பியல் மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு மனநலத்துல மேல்படிப்பு படிச்சு, மாத்திரை எழுதற உரிமையும் உள்ளவர் மனநல மருத்துவர். மருத்துவம் படிக்காம உளவியல் படிச்சு, பேச்சு மூலமாவும் பயிற்சி மூலமாவும் சிகிச்சை தர்றவர் உளவியலாளர். மூணும் வேற வேற. இது தெரியாமலே பல குடும்பம் தப்பான வாசல்ல போய் வரிசையில நிக்குது.

சைக்கோ

எனக்கு ரொம்பப் பயமா இருக்கற வார்த்தை இதுதான்.

1960ல ஹிட்ச்காக் எடுத்த படத்துக்குப் பிறகு உலகம் முழுக்க "சைக்கோ"ன்னா கத்தியோட நிக்கற கொலைகாரன்னு ஆகிப் போச்சு. இந்த ஒரு சின்ன வார்த்தைக்குள்ள ரெண்டு பெரிய வார்த்தை மாட்டிக்கிட்டு முழிக்குது. ஒண்ணு சைக்கோசிஸ்: நிஜத்தோட தொடர்பு அறுந்து போற நிலை, குரல் கேக்கறது, இல்லாததை நம்பறது. இன்னொண்ணு சைக்கோபதி: அடுத்தவன் வலியைப் பத்தித் துளியும் உறைக்காத, குற்ற உணர்ச்சியே இல்லாத குணம். முதல்ல சொன்னவர் பயந்து நடுங்கிக்கிட்டு மூலையில உட்கார்ந்திருப்பார். ரெண்டாவது ஆள் நிஜத்தை நம்மைவிடத் தெளிவாப் பார்ப்பான். ரெண்டு பேரையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிட்டா அடி யாருக்கு விழும்? மூலையில உட்கார்ந்திருக்கறவருக்குத்தான்.

ஸ்கிசோஃப்ரினியா இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் அடிக்கறதில்லை. அவங்கதான் அடுத்தவங்ககிட்ட அடி வாங்கறதும் ஏமாறறதும் அதிகம். ஆனா "சைக்கோ"ங்கற பயத்தோட பார்த்தா கட்டிப் போடத்தான் தோணும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில ஒரு தனியார் மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சப்ப, சங்கிலியில கட்டி வெச்சிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்துப் போனாங்க. மனநோயாளியைச் சங்கிலியில கட்டக் கூடாதுன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாச் சொல்லுது. மனசுக்குள்ள கட்டி வெச்சிருக்கற சங்கிலிக்குச் சட்டம் ஒண்ணும் பண்ண முடியாது.

இதோட தம்பி ஒண்ணு உண்டு. "கீழ்ப்பாக்கம் கேஸ்". கொழும்புப் பக்கம் போனா "அங்கொடை". வடக்கே ஆக்ரா, ராஞ்சி. லண்டன்ல இருக்கற பெத்லம் மருத்துவமனை பேர்ல இருந்துதான் ஆங்கிலத்துல கூச்சல் குழப்பத்துக்கு "பெட்லம்"னு ஒரு வார்த்தையே வந்துச்சு. ஆக இந்தக் கிண்டல்ல எல்லா ஊரும் ஒண்ணுதான்.

ஆனா அந்தக் கீழ்ப்பாக்கத்துல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். 1794ல மெட்ராஸ்ல தொடங்கின காப்பகம், 1871ல கீழ்ப்பாக்கத்துக்கு வந்துச்சு. இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன் 1961ல அதோட தலைமைப் பொறுப்புக்கு வந்தாங்க. ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கலை. 1984ல சென்னையிலேயே "ஸ்கார்ஃப்"ங்கற ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினாங்க. 1992ல பத்மபூஷண். 2021 டிசம்பர்ல, 98 வயசுல காலமானாங்க. அந்த இடத்தோட பேரைக் கேட்டா நமக்கு வர்றது சிரிப்பு. மாசா மாசம் பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கிட்டு வந்து, மறுநாள் வேலைக்குப் போற குடும்பங்களுக்கு அது ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

பேர்ல என்ன இருக்கு?

நிறைய இருக்கு. ஜப்பான்ல ஸ்கிசோஃப்ரினியாவுக்கு "மனம் பிளந்த நோய்"ங்கற அர்த்தத்துல ஒரு பேர் இருந்துச்சு. அந்தப் பேரை நோயாளிகிட்டச் சொல்லவே டாக்டர்கள் தயங்கினாங்க. நோயாளிகளோட குடும்பங்கள் கேட்டுக்கிட்டதுல ஆரம்பிச்சு, 2002ல பேரையே மாத்தினாங்க. புதுப் பேருக்கு "ஒருங்கிணைப்புக் குலைஞ்ச நிலை"ங்கற மாதிரி அர்த்தம். 2002ல சுமார் 37 சதவீத நோயாளிகளுக்குத்தான் தன் நோயோட பேர் சொல்லப்பட்டுச்சு. மூணு வருஷத்துல அது சுமார் 70 சதவீதம் ஆச்சு. மருந்து மாறலை. பேர் மட்டும் மாறினதுக்கே இவ்வளவு.

நாம "மனச்சிதைவு"ன்னு சொல்றோம். சிதைஞ்சது திரும்பச் சேராதுங்கற தொனி அதுக்குள்ளேயே இருக்கு. ஒரு தாய்கிட்ட உக்காந்து "உங்க பையனுக்கு மனச்சிதைவு"ன்னு எப்படிச் சொல்றது? தமிழ்ல நல்ல சொல் தெரிஞ்சவங்க இங்கே நிறைய பேர் இருக்கீங்க. யோசிச்சுப் பாருங்களேன்.

எதிர்க்கட்சி என்ன சொல்லும்?

"மொழின்னா மாறிக்கிட்டேதான் இருக்கும், நீ என்ன வார்த்தைப் போலீஸா?" இல்லைங்க. அதனாலதான் ஈகோவை விட்டுட்டேன். நான் வெச்சிருக்கற அளவுகோல் ஒண்ணே ஒண்ணு: அந்தப் பேர்ல நிஜமா ஒரு நோய் இருந்து, நம்ம பேச்சால அந்த நோயாளி டாக்டர்கிட்ட போறது தள்ளிப் போகுதுன்னா, அந்த வார்த்தையைத் தொடாம இருக்கலாம்.

"இப்பல்லாம் டிப்ரஷன், ஆங்சைட்டின்னு வெளிப்படையாப் பேசறாங்களே, அது நல்லதுதானே?" நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனா அந்த வெளிப்படை எதுவரைக்கும் வந்திருக்குன்னு பாருங்க. ஸ்ட்ரெஸ், ஆங்சைட்டி, டிப்ரஷன் வரைக்கும் வந்து நின்னுடுச்சு. குரல் கேக்குதுன்னு சொல்றவன் இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான், "சைக்கோ"வா நிக்கறான். நமக்கு வர்றது "மனநலப் பிரச்னை", அவனுக்கு வந்தது "பைத்தியம்".

இன்னொண்ணையும் சொல்லிடணும். இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாராவது "எனக்கு டிப்ரஷன் மாதிரி இருக்கு"ன்னு சொன்னா, "9ல எத்தனை இருக்கு, 2 வாரம் ஆச்சா?"ன்னு பரிட்சை வெச்சுடாதீங்க சாமி. அது டாக்டர் வேலை. நம்ம வேலை, கூடப் போறது.

2015-16ல நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள்ல நடத்தின தேசிய மனநல ஆய்வுல, பெரியவங்கள்ல 100க்கு 10 பேருக்கு மேல ஏதோ ஒரு மனநலப் பிரச்னையோட அப்போ இருந்தது தெரிய வந்துச்சு. நோய்க்கு நோய் வித்தியாசப்பட்டாலும், 70ல இருந்து 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியேதான் இருந்தாங்க. டாக்டர் பத்தாதது, காசு, தூரம்னு காரணம் பல. வார்த்தையும் அதுல ஒண்ணு. மத்த காரணங்களைச் சரி பண்ண அரசாங்கம் வேணும். இதுக்கு நாமளே போதும், பைசா செலவில்லை.

சோகமா இருந்தா சோகம்னு சொல்லலாம். சலிப்பு, விரக்தி, ஏக்கம், கடுப்பு, மனக்கஷ்டம்னு எத்தனை இருக்கு நம்மகிட்ட! சுத்தக்காரரைச் சுத்தக்காரர்னே சொல்லலாம். மூடு மாறுற மேனேஜரை முன்கோபின்னு சொல்லலாம் (முதுகுக்குப் பின்னாடி). கொடுமைக்காரனைக் கொடுமைக்காரன்னே சொல்லலாம், அவனுக்கு வியாதிப் பேர் கொடுத்துத் தப்பிக்க விட வேண்டாம். டாக்டருங்களோட வார்த்தையை, அது தேவைப்படறவனுக்கு விட்டு வைப்போம்.

தேவைப்படறவங்களுக்காக ஒரு நம்பர்: 14416. டெலி மானஸ்னு பேர். 2022 அக்டோபர்ல மத்திய அரசு தொடங்கினது. 24 மணி நேரமும், இலவசம், தமிழ்லயும் பேசலாம். செல்போன்ல பதிஞ்சு வெச்சுக்குங்க. உங்களுக்குத் தேவைப்படலைன்னாலும், உங்ககிட்ட கேக்கத் தயங்கிக்கிட்டு நிக்கற யாருக்காவது தேவைப்படும்.

பி.கு: "மனச்சிதைவு"க்கு மாத்துச் சொல் தோணினவங்க பின்னூட்டத்துல போடுங்க. கும்மி அடிக்கிறவங்களும் வரலாம், ஆனா "நீ ஒரு சைக்கோ"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க :-)